எருக்கிலையைத் தின்றது யார்

வெள்ளி, 3
விடியும்போதே தூறல். பிள்ளையார் மாலைக்கு எருக்கம்பூ 54. வாசல் செடியில் போன வெள்ளி 31 இலை. இன்று 19. சில இடத்தில் காம்பு மட்டும் நிற்கிறது.

இரண்டு வீடு தள்ளிப் பாக்கியம் அக்கா. தோட்ட வேலையில் எண்ணெய்ச் செம்பனைக் குலை சுமந்து தேய்ந்த முட்டி. எருக்கிலையை வாட்டிக் கட்டுவார். வேறு யார்?

கோவிலில் பூக்கட்டும்போது கேட்டுவிட்டேன். பத்துப் பெண்கள் இருந்தார்கள்.

"கேட்டா குடுக்க மாட்டேனாக்கா? சாமி செடியில ஒளிஞ்சு வந்து பறிக்கணுமா?"

"இந்தக் கால வச்சிக்கிட்டு நான் எங்க ஒளியுறது, சரசு?"

தேவகி விடவில்லை. "அப்ப எலைக்குக் காலு மொளச்சு நடந்து போயிருச்சு லா!"

எல்லாருக்கும் சிரிப்பு. எனக்கும். அக்கா பாதி கட்டிய சரத்தை வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஞாயிறு, 5
கோலசிலாங்கூர் டவுனில் வாங்க: பச்சைப்பயறு, கற்பூரம், சவுக்காரம்.

செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஓர் இலையைத் திருப்பினேன். புழு. வெள்ளை, கறுப்பு, மஞ்சள் வரி. முதுகில் மூன்று ஜோடி கறுப்புக் கொம்பு. பெரிதும் சின்னதுமாக ஆறு. பெரியது இலை நரம்பைக் கடித்துப் பாலை வடியவிட்டது. அப்புறம் ஓரத்திலிருந்து தின்ன ஆரம்பித்தது. கால் எண்ணினேன். பதினாறு.

ஆள் பறித்திருந்தால் காம்போடு போயிருக்கும். சிமெண்டில் பால் சொட்டியிருக்கும். ஒரு சொட்டு இல்லை. பூவை ஒன்றுவிடாமல் எண்ணுகிறவளுக்கு இது கண்ணில் படவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை.

செவ்வாய், 7
நல்ல வெயில். ராவாங்கிலிருந்து மகள் போன். புழுவைப் பற்றிக் கேட்டேன்.

"மருந்து கிருந்து அடிச்சிராதீங்கம்மா. ஆரஞ்சு பட்டர்ஃபிளையா வரும். எருக்கம்பால் ஒடம்புல ஏறிக் கசக்குமாம், குருவிகூட தொடாது. ஏம்மா திடீர்னு?"

சும்மா என்றேன்.

கடைக்குப் பின்சந்து வழியாகத்தான் போகிறேன். அக்கா வாசலைக் கடக்க முடியவில்லை.

வெள்ளி, 10
அக்கா கோவிலுக்கு வரவில்லை. பொங்கல் கரண்டியைக் காணோம். "பாக்கியம் வந்துட்டுப் போனாங்களா பாருங்க!" தேவகிதான். மறுபடி சிரிப்பு. நான் குனிந்து பூக்கட்டினேன். கரண்டி அண்டாவுக்குள்ளேயே கிடந்தது. பிள்ளையார் முகத்தைப் பார்க்காமல் தோப்புக்கரணம் போட்டேன்.

வியாழன், 16
மழை. புழு பழைய தோலை உரித்து அதையே தின்றுவிடுகிறது, தடயம் இல்லாமல். கடைசிப் புழு கேட் கம்பியில் தலைகீழாகத் தொங்கிக் கூடாகிவிட்டது. இளம்பச்சை. தங்கப் பொட்டு வைத்ததுபோல் புள்ளி.

வீட்டுக்காரர்: "அப்ப கேட்ட தொறக்கவே கூடாதா? லோரிக்கு நேரமாச்சு."

"மெதுவா தொறங்க."

வெள்ளி, 17
அக்கா வரவில்லை. நானும் சொல்லவில்லை. பூ 54.

வெள்ளி, 24
விடியும்போது கூடு கண்ணாடி மாதிரி. உள்ளே மடிந்த ஆரஞ்சு இறக்கை. விளக்கேற்றிவிட்டு வருவதற்குள் வெளியே வந்துவிட்டது. கசங்கிய இறக்கை விரிய விரிய ஆரஞ்சு, ஓரம் கறுப்பு, அதில் வெள்ளைப் புள்ளி. சிமெண்டில் செந்நீர் ஒரு சொட்டு. வெயில் ஏறியதும் பறந்தது. அவசரமே இல்லை அதற்கு. கேட்டைத் தாண்டி, பாக்கியம் அக்கா வீட்டுப் பக்கம்.

கோவிலில் சொல்லிவிட்டேன். அதே பத்துப் பேர் முன்னால்.

"பாக்கியம் அக்கா பறிக்கல. புழு தின்னுருக்கு. மூணு வாரமா எனக்குத் தெரியும்."

தேவகி நாரைக் கீழே வைத்தாள். "மூணு வாரமாவா?"

யாரும் சிரிக்கவில்லை. மாலை முடிச்சு விழவில்லை.

சாயங்காலம் இலை பறித்து எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்கு. கோவில் செய்தி எனக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. உட்காரச் சொல்லவில்லை. நாற்காலியில் கால் நீட்டியபடியே இலையை வாங்கி மடியில் வைத்தார்.

"எண்ணித்தானே கொண்டாந்த?"

"இல்லக்கா."

எட்டு.