களத்தில் ஆறு பேர்

உன் முட்டிக்கட்டு இன்று காலை கையில் கிடைத்தது. சாலை பஜாரில் எங்கள் கடையின் பரணில் பழைய பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்கு உடம்பு தள்ளாமல் போனபிறகு இரும்புக் கடையை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பூட்டு, கீல், தாழ்ப்பாள் என்று பிழைப்பு சத்தமாகத்தான் போகிறது. கீல் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு தகரப் பெட்டி. உள்ளே நாம் ஆடிய காலத்து ஜெர்சி, என் ஷூ, நடுவில் உன் முட்டிக்கட்டு. ஜெர்சி மொடமொடவென்று காய்ந்திருந்தது. ஷூவின் அடிப்பாகம் தொட்டதும் உதிர்ந்தது. உன் முட்டிக்கட்டு மட்டும் ஈரமாக இருந்தது.

பரணில் ஒழுகல் இருக்கும் என்று ஓடு முழுக்க அண்ணாந்து பார்த்தேன். ஒழுகல் இல்லை. முகர்ந்தால் ஓம எண்ணெய். ஆட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்து இரண்டு முட்டியிலும் தேய்ப்பாயே, அதே வாசனை. சற்று முன்தான் யாரோ கழற்றிப் போட்டதுபோல் துணியில் வெதுவெதுப்பு வேறு. வாய்விட்டு உன்னிடம் பேசினால் கடையில் வேலை செய்கிறவர்கள் என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவார்கள். அதனால் எழுதுகிறேன்.

நாம் ஆடியது இரண்டாம் டிவிஷன். முதல் டிவிஷன்காரிகளின் படம் பேப்பரில் வரும். நம் ஆட்டத்தின் முடிவு, வந்தால், ஆழ்குழாய்க் கிணறு விளம்பரத்துக்குக் கீழே வரும். ஆனாலும் நாம் சம்பளத்துக்கு ஆடியவர்கள். சாலையில் துணி மொத்த வியாபாரம் செய்த முதலாளி பெண்கள் பாஸ்கட்பால் டீம் ஒன்று வைத்திருந்தார், கடையின் பேரை நம் முதுகில் எழுதி. அந்த சீசன் தொடங்கும்போதே சொல்லிவிட்டார், இந்தத் தடவை முதல் டிவிஷனுக்குப் போனால் டீம் இருக்கும், போகாவிட்டால் கலைத்துவிடுவேன் என்று. மற்றவர்களுக்கு அது வேலை போகிற விஷயம். எனக்கு அதற்கும் மேலே. அப்பா ஒரே பேச்சாகச் சொல்லியிருந்தார்: "டீம் இருக்கது வரைக்கும் ஆடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். அது இல்லன்னா வீட்டுல இரி. வந்து கேக்கவங்களுக்கு நான் பதில் சொல்லணும்லா." மாப்பிள்ளை கூடத் தயாராக இருந்தார். அவருக்கும் இரும்புக் கடைதான்.

நீ கரமனை அக்ரஹாரத்திலிருந்து பஸ் பிடித்து வருவாய். வீட்டு நிலையில் தலை இடித்து இடித்துக் குனிந்து நடக்கவே பழகிப்போனவள். களத்துக்குள் கால் வைத்ததும் நிமிர்வாய் பார், அப்போதுதான் நீ எவ்வளவு உயரம் என்று மற்றவர்களுக்குத் தெரியும். நானோ குட்டை. "உன்னைப் பாக்கெட்டுல போட்டுண்டு ஆத்துக்குப் போயிடலாம்டி கலா" என்று சொல்லிச் சொல்லியே என்னைச் சிரிக்க வைப்பாய்.

கூடைக்கு அடியில் எதிராளிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு தொடையில் இரண்டு தட்டு தட்டுவாய். நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டே அந்தச் சத்தத்துக்குப் பந்தை எறிவேன். "வாயால கேட்டா அவாளுக்கும் கேட்டுடும். இது உனக்கு மட்டும்" என்றாய். எத்தனையோ பந்து அப்படி எறிந்திருக்கிறேன். ஒன்றையாவது திரும்பிப் பார்த்து எறிந்ததாக நினைவில்லை.

நம் டீமுக்கு ஒரு பழக்கமும் உண்டாக்கினாய். ஆள் மாற்றும்போது வெளியே போகிறவள் உள்ளே வருகிறவளின் உள்ளங்கையில் தன் கையை வைத்து, "பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் கோட்டைத் தாண்ட வேண்டும். கோச் சார் பெஞ்சிலிருந்து "வேகம் வா, வேகம் வா" என்று கத்தினாலும் நீ அவசரப்படமாட்டாய். கை வைக்காமல் போனால் இடம் காலியாகவே இல்லை என்று அர்த்தம் என்பாய். சாருக்கு அது சுத்தப் பைத்தியக்காரத்தனம். முதல் தடவை உன்னை வெளியே எடுத்தபோது நான் முகத்தைத் தொங்கப் போட்டதற்கு நீ சொன்னதும் நினைவிருக்கிறது: "ஃபுட்பால்ல வெளிய போனா போனதுதான். நமக்கு அப்படி இல்லடி. உக்காந்து, தண்ணி குடிச்சு, திரும்ப வரலாம். எத்தனை தடவை வேணாலும்."

அப்புறம் அந்த மழை. மைதானம் முழுக்கச் சாக்கடைத் தண்ணீர். ஆட்டம் நடக்காவிட்டால் புள்ளி போய்விடும் என்று நாம் எல்லோரும் செருப்பில்லாமல் இறங்கி வாளியால் இறைத்தோம். உன் குதிகாலில் ஷூ கடித்த புண் இருந்தது. யாரையும் குறை சொல்ல முடியாது, நீதான் முதலில் இறங்கினாய். அன்று முழு ஆட்டமும் ஆடினாய், ஜெயித்தோம். அடுத்த வாரம் காய்ச்சல். எலிக்காய்ச்சல் என்று டாக்டர் கண்டுபிடித்துச் சொன்னபோது உன் கண் மஞ்சளாகிவிட்டிருந்தது. அடுத்த ஆட்டத்துக்குள் நீ இல்லை.

உன் இடத்துக்கு மெர்சி வந்தாள். பாறசாலைக்காரி, சர்ச் ஸ்கூலில் ஆடிய பெண். நல்ல கை, ஆனால் என்னைவிட நாலு விரல்தான் உயரம். அவளை வைத்துக்கொண்டு ஆடிய முதல் ஆட்டத்தில்தான் அது தொடங்கியது. நான் பந்தைத் தட்டிக்கொண்டு போகிறேன், ரெஃப்ரி விசில் ஊதி நிறுத்தினார். களத்தில் ஆறு பேர் என்றார். ஐந்து பேர்தான் நிற்கலாம். ஒருத்தி கூடினால் எதிரணிக்கு ஃப்ரீ த்ரோ. நாங்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தோம். அவர் விரல் நீட்டி எண்ணினார். ஐந்து. மறுபடி எண்ணினார். ஐந்து. மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஆட்டத்தைத் தொடரச் சொன்னார். "மழைக்காறு அல்லே, வெளிச்சம் குறைவு. கண்ணு பிழைக்கும்" என்றார் சார் மலையாளத்தில், மேகமூட்டத்தில் ரெஃப்ரிக்குக் கண் ஏமாந்திருக்கும் என்று.

அடுத்தது நாகர்கோவிலில். வேறு ரெஃப்ரி, நல்ல வெயில். அவரும் ஊதினார். அவரும் எண்ணினார். எண்ணி முடித்தபின் என் பக்கத்தில் வந்து, தாழ்ந்த குரலில் கேட்டார்: "அந்த நெட்டப் பிள்ள வெளிய போயாச்சா?"

எங்களில் நெட்டையான பிள்ளை யாரும் இல்லை. ஆமாம் என்று தலையாட்டினேன்.

மெர்சிக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து, "அக்கா, எனக்குப் பயமாட்டு இருக்கு. நான் ரிங்குக்கு அடியில போய் நிக்கும்ப அங்க ஏற்கெனவே ஆள் நிக்கது மாதிரி இருக்கு. இடிச்சிரக் கூடாதுன்னு தள்ளித் தள்ளி நிக்கேன்" என்றாள். அதனால்தான் அவள் கூடைக்கு அடியில் இடம் பிடிக்க முடியாமல் திணறினாள் என்று அப்போது புரிந்தது. அவளைத் தேற்றினேன். உண்மையைச் சொன்னால் எனக்குப் பயமே இல்லை. சந்தோஷமாக இருந்தது. நாகர்கோவிலில் பந்து என் கையில் இருந்தபோது அந்த இரண்டு தட்டு எனக்குக் கேட்டிருந்தது. எறியத்தான் தைரியம் வரவில்லை.

மூன்றாவது தடவை எதிரணி சும்மா விடவில்லை. பெஞ்சிலிருந்து ஒருத்தியை உள்ளே விட்டு எடுக்கிறார்கள், திருட்டு ஆட்டம் என்று லீக் கமிட்டியில் புகார் கொடுத்தார்கள். கமிட்டிக்காரர்கள் சாரையும் என்னையும் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். இன்னொரு தடவை ஆறு பேர் என்று விசில் ஊதினால் டீமை லீக்கிலிருந்தே நீக்கிவிடுவோம் என்றார்கள். மிச்சம் இருந்தது ஒரே ஆட்டம். அதை ஜெயித்தால் முதல் டிவிஷன்.

அன்று சாயங்காலம் கரமனைக்குப் போனேன். உங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்திருந்தேன், உள்ளே போகக் கால் வரவில்லை. உன் அம்மா பார்த்துவிட்டு உள்ளே அழைத்துக் காபி கொடுத்தார். நான் எதுவும் கேட்கவில்லை. அவரே உன் முட்டிக்கட்டை எடுத்து வந்து என் மடியில் வைத்தார்.

"நீ வச்சுக்கோ. தோய்ச்சுத் தோய்ச்சுக் கொடியில போடறேன், காயவே மாட்டேங்கறது" என்றார். அதை ஒரு பெரிய விஷயமாகச் சொல்லவில்லை. மழைக்காலம்தானே என்பதுபோலச் சொன்னார். பிறகு சொன்னார்: "ஜுரத்துல ஒரே பினாத்தல். எழுந்துக்கப் பாப்பா. படுத்துக்கோடீன்னா கேக்க மாட்டா. 'சார் இன்னும் என்னை வெளிய கூப்பிடலைம்மா, நான் எப்படிப் போறது'ன்னா. அதையேதான் சொல்லிண்டிருந்தா, கேட்டியா கலா, கடைசி வரைக்கும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நீ ஆடிய கடைசி ஆட்டத்தில், ரெஃப்ரி முடிவு விசில் ஊதும்வரை களத்தில் நின்றாய். யாரும் உன்னை மாற்றவில்லை. நீ யார் கையிலும் கை வைக்கவில்லை, மெர்சியும் யாரிடமும் இடம் வாங்கவில்லை. நாங்கள் உன்னைக் களத்திலேயே விட்டுவிட்டு ஆறாவதாக ஒருத்தியை இறக்கியிருக்கிறோம். ரெஃப்ரிகளின் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை.

மறுநாள் மத்தியானம் மெர்சியைக் கூட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். மழை விட்டிருந்தது. ஆள் யாரும் இல்லை, சுவரோரம் ஒரு பசு மட்டும். மெர்சியைக் கோட்டுக்கு வெளியே நிற்க வைத்து உள்ளங்கையை நீட்டச் சொன்னேன். "எதுக்கு அக்கா?" என்றாள். பேசாமல் நீட்டு என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் சொல்ல ஆரம்பித்தாள்.

நான் கூடைக்கு அடியில் பார்த்து, ரெஃப்ரி ஆளை அழைப்பதுபோல் கையை அசைத்தேன். உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வெளியே வா என்றேன். எனக்கு டீம் வேண்டும், வீட்டுக்குள் உட்கார என்னால் ஆகாது, நீ வெளியே வா என்றேன். அதற்குமுன் யாரையும் அப்படிக் கெஞ்சியதில்லை.

ஒன்றும் நடக்கவில்லை. தேங்கிய தண்ணீர் அசையாமல் கிடந்தது. பிறகு கூடைப் பக்கத்திலிருந்து ஒரு சுழிப்பு, அடுத்து இன்னொன்று, கோட்டை நோக்கி, அவசரமே இல்லாமல். பசு தலையைத் தூக்கி அதையே பார்த்துக்கொண்டிருந்தது. மெர்சியின் ஜெபம் பாதியில் நின்றது. நீட்டிய அவள் கை, மேலிருந்து ஏதோ அழுத்தியதுபோல் கொஞ்சம் தாழ்ந்து, பிறகு எழுந்தது.

அவள் தன் உள்ளங்கையை மூக்கில் வைத்துப் பார்த்தாள். "ஓமம்" என்றாள்.

"ஏதாவது சொன்னாளா?"

"பாத்துக்கோன்னு சொல்லிச்சு அக்கா." நீ போனபிறகு அந்தப் பழக்கத்தையே நாங்கள் விட்டுவிட்டிருந்தோம்; அதைப் பற்றி அவளிடம் நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கடைசி ஆட்டத்துக்கு வந்த ரெஃப்ரி கமிட்டி சொன்னபடி தொடங்குமுன் எங்களை வரிசையாக நிறுத்தி எண்ணினார். இடைவேளைக்குப் பிறகும் எண்ணினார். ஐந்து, ஐந்து. ஒவ்வொரு தடவையும் நான் கூடைக்கு அடியில் பார்த்தேன். முடியச் சில நொடிகளே இருக்கும்போது ஒரு புள்ளி பின்னால் இருந்தோம், பந்து என்னிடம், என்மேல் இரண்டு பேர். கூடைக்கு அடியிலிருந்து இரண்டு தட்டு கேட்டது. நான் வேறெங்கோ பார்த்துக்கொண்டே எறிந்தேன். மெர்சி பிடித்துத் திரும்பிப் போட்டாள், உள்ளே விழுந்தது. விசில் ஊதிவிட்டார்கள், ஜெயித்தாகிவிட்டது, சார் அழுகிறார், முதலாளி லட்டு வாங்க ஆள் அனுப்புகிறார். நான் மெர்சியிடம் ஓடினேன். தட்டச் சொல்லி யார் சொல்லித் தந்தது என்றேன். "யாரும் சொல்லல. தட்டணும்னு தோணிச்சு" என்றாள். அவள் தொடை சிவந்திருந்தது. தட்டியது அவள்தான்.

அத்தனை பேரும் குதித்துக்கொண்டிருந்தபோது நான் பெஞ்சைப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு இடம் விட்டுத்தான் மற்றவர்கள் ஆட்டம் முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். அங்கே யாரும் இல்லை.

முதல் டிவிஷனில் நாலு சீசன் ஆடினேன். படம்கூட ஒரு தடவை பேப்பரில் வந்தது, பாதி முகம். அப்புறம் என் முட்டியும் போயிற்று, முதலாளியின் வியாபாரமும் நொடித்தது. கல்யாணம் வேண்டாம் என்று நான் சொன்னபோது அப்பா அதற்குள் சண்டை போட அலுத்துப்போயிருந்தார். மெர்சி இப்போது மார்த்தாண்டத்தில் பிள்ளைகளுக்கு ஆடச் சொல்லித் தருகிறாள்; ஆள் மாற்றும்போது கை வைக்கச் சொல்கிறாளாம். எனக்கு ஒரு பழக்கம் மட்டும் விடவில்லை. நாலு பேர் கூடி நிற்கிற இடத்தில் எண்ணிப் பார்ப்பேன். பழவங்காடியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, கல்யாணப் பந்தியில், கடையில். எப்போதும் கணக்கு சரியாகவே வரும். சரியாக வருவதுதான் எனக்கு வலிக்கும். நான்தானே உன்னை வெளியே கூப்பிட்டேன். நீயும் மறுபேச்சு பேசாமல் வந்துவிட்டாய்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மழை வலுத்திருக்கிறது. கடையில் ஆட்களை அனுப்பிவிட்டேன். உன் முட்டிக்கட்டைக் கல்லாவுக்கு மேலே காற்றாடிக்கு நேராக விரித்து வைத்திருக்கிறேன், இன்னும் காயவில்லை. இப்போது லீக் இல்லை, கமிட்டி இல்லை, ஆளை எண்ணுகிறவர் யாரும் இல்லை. நீ உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, போதுமான நேரம் ஆகிவிட்டது. நம் ஆட்டத்தில் வெளியே போனவள் திரும்ப வரலாம் என்று சொன்னவள் நீதான்.

வலது கையால் எழுதுகிறேன். இடது கையை மேசைமேல் நீட்டி, உள்ளங்கை மேலே பார்க்க வைத்திருக்கிறேன்.