பின்கதவும் ஒன்றரை அங்குலமும்

ஓகஸ்ட் 23, சனி

இன்று பின்வளவு மரத்தளத்தின் கடைசிப் பலகையையும் அறைந்து முடித்தேன். மூன்று கிழமை வேலை. முதல் தடவையாகச் சுத்தியல் பிடித்தவளுக்கு அது பெரிய காரியம். தளத்தில் நின்றபடி, "கதவைத் திறந்து வாங்கோ" என்று இவரைக் கூப்பிட்டேன்.

கதவு திறக்கவில்லை. வெளிப்பக்கம் திறக்கும் கதவு என் பலகையில் இடித்து நின்றது. அடிச்சட்டத்தை வீட்டின் உள்நிலத்தின் மட்டத்துக்கு வைத்தவள், அதன்மேல் வரும் பலகையின் ஒன்றரை அங்குலத் தடிப்பை மறந்துவிட்டேன்.

சக்கர நாற்காலியில் இருந்தபடி இவர் குசினி யன்னலால் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "உதுக்கு ஏன் முகத்தைத் தூக்கி வைச்சிருக்கிறீர்? கதவின்ரை அடியை அறுத்தால் சரிதானே."

"கதவு திறக்கும். உங்கடை சில்லு அந்த உயரம் ஏறுமோ?"

"நீர் பின்னாலை ஒரு தள்ளுத் தள்ளினால் ஏறும்."

"ஒருத்தரும் தள்ளாமல் நீங்கள் வளவுக்குப் போகவேணும் எண்டுதான் இதைக் கட்டினனான்."

அதன் பிறகு அவர் சிரிக்கவில்லை.

நாளை ஆராதனை முடிந்து வந்ததும் பலகையையும் சட்டத்தையும் கழற்றி, ஆறு தூண்களையும் ஒன்றரை அங்குலம் குறைக்கவேண்டும். பனைமரத் தூண்கள், வாள் லேசில் இறங்காது. இறங்கும்வரை அறுப்பேன்.

அளவு நாடாவைத் தேடினேன், மேசையில் இல்லை. இவர் அதை மடியில் வைத்துக்கொண்டு படுக்கப் போய்விட்டார். இந்த முறை அளவு தானே எடுப்பாராம்.

எடுக்கட்டும். வாள் என் கையில்தான்.