இல்லை என்று சொல்லிவிட்டேன்

18.7.2006, செவ்வாய்

உடம்பு அடித்துப் போட்டதுபோல் கிடக்கிறது, தூக்கம் மட்டும் வரமாட்டேன் என்கிறது. ஆறாம் மாதத்தில் இவ்வளவு அசதியா என்று பயந்து, வீட்டுக்காரர் இன்று என்னை நர்சம்மாவிடம் கூட்டிப் போனார். போன மாதத்தைவிட ரத்தம் குறைந்திருக்கிறதாம்.

"மாத்திரைய ஒழுங்கா போடுறியா?"

"போடுறேங்க." அது உண்மை.

"சாம்பலு, மண்ணு எதனா திங்கிறியா? தின்னா மாத்திரை ஒடம்புல சேராது."

"இல்லீங்க" என்றேன்.

வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "அவ பொய் சொல்ல மாட்டாங்க. ஒங்க மாத்திரைதான் சரியில்ல" என்று நர்சம்மாவிடம் சண்டைக்கே போய்விட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பீங்கான் கம்பெனியில் கோப்பைகளின் பிசிறை ஈரப் பஞ்சால் துடைப்பது என் வேலை. சூளைக்குப் போகுமுன் உடைகிற கோப்பைகளை மறுபடி கரைக்கத் தொட்டியில் போடவேண்டும். மூன்று மாதமாக அதில் ஒரு துண்டு என் வாய்க்குப் போகிறது. முதல் மழை விழுந்த வாசனை அதற்கு, நாக்கில் வைத்ததும் கரைந்துவிடும். நேற்று ஒரு நல்ல கோப்பையை நானே உடைத்தேன்.

திரும்பும்போது வீட்டுக்காரர் பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தார். "நாளையிலேர்ந்து வேலைக்குப் போவாத. வூட்லயே படுத்துக்க" என்றார்.

இந்த ஒரு வார்த்தைக்கு எத்தனை நாள் ஏங்கியிருக்கிறேன். இன்று அதைக் கேட்டதும், வீட்டில் அந்த மண் கிடைக்காதே என்றுதான் முதலில் நினைத்தேன்.