ராத்தா வீட்டு மதிலும் மூன்று நிமிடப் படமும்

6 மார்ச் 82, சனி

வெயில். காற்றே இல்லை. காரைதீவிலிருந்து சிவராசா மாஸ்டர் சைக்கிளில் வந்தார், லண்டன் தம்பி அனுப்பிய சின்னக் கமராவோடு. சொந்தமாய்ப் படம் எடுக்கப் போகிறாராம். சத்தமில்லாத படம், ஒரு ரோல் மூன்று நிமிடம்தான். கதை: புதுமாதிரி வீடு, உள்ளே ஒரு பெண், வருவார் போவாரில்லை. அப்படி வீடு கல்முனையில் எங்கே என்று கேட்டார்.

என் கூடப்பிறந்த மூத்தவள், ராத்தா வீட்டைச் சொன்னேன். வேறெது! வாப்பா சீதனமாய்க் கட்டியது, நான் கீறிய பிளான். தட்டைக் கொங்கிரீட் கூரை, கண்ணாடி ஜன்னல், சுற்றிவர ஆறடி மதில். மதில் மட்டும் மச்சானின் ஆசை; ராத்தாவைக் கட்டியவர், சவூதியில் வேலை.

7 ஞாயிறு

மாஸ்டர் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "என்ட கதை இஞ்ச முதலே நடக்குது போல." எனக்குச் சுருக்கென்றது.

முன்பு அங்கே தென்னோலை பின்னிய கிடுகு வேலி. நடுவில் ஒரு கடப்பு. பெண்கள் ரோட்டுக்கு இறங்காமலே அதால் புகுந்து வளவுக்கு வளவு போய்வருவார்கள். பிளானில் கேற் வைத்தேன், கராஜ் வைத்தேன் (கார் இல்லை!), கடப்பு நினைவே வரவில்லை. பக்கத்து வளவில் சின்னம்மா முறைச் சாச்சியின் மகள் சுபைதா. ராத்தாவோடு ஒன்றாய் ஓதி வளர்ந்தவள். "எங்கட முகத்தில அடிச்ச மாதிரி மதில்" என்றாளாம். எட்டு மாதமாய்ப் பேச்சில்லை.

ராத்தா மெலிந்துபோனாள். மடையன் நான்.

9 செவ்வாய்

தூறல். செய்ய: சுவர் கட்டிய மேசன் காக்காவைக் கூப்பிட. உம்மாவிடம் கேட்க. சைக்கிள் செயின்.

மதிலில் ஓட்டை வேண்டுமாம் மாஸ்டருக்கு. ஒரு கை பாத்திரம் நீட்ட, மறுகை வாங்க. முகம் விழாது, பிறகு அடைத்துவிடலாம் என்று ராத்தாவிடம் சொன்னேன்.

"மத்தக் கை ஆருட?"

சுபைதாட என்றேன். ராத்தா கிணற்றடிக்குப் போனாள். அங்கிருந்தே குரல்: "அவ ஓமெண்டா நானும் ஓம்."

ரோட்டால் சுற்றி சுபைதாவிடம் போனேன். "படத்துக்கெண்டா வாறன். அவக்காக இல்ல." முகம் கடுகடு. ஆனால் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று இரண்டு தரம் கேட்டாள்.

12 வெள்ளி

காலையில் மேசன் காக்கா மதிலில் கோப்பை நுழையும் ஓட்டை உடைத்தார். ஜும்ஆத் தொழுகை முடிந்து படப்பிடிப்பு. நல்ல வெளிச்சம். மாஸ்டர் தள்ளி நின்றார். ராத்தா ஒரு கோப்பையில் இனிப்பு வட்டிலப்பம் நீட்டினாள். அந்தப் பக்கமிருந்து கை வந்தது. கமரா கடகடவென்று ஓடி நின்றது. ரோல் முடிந்தது.

முடிந்ததை நாங்கள் அவர்களுக்குச் சொல்லவில்லை. இரண்டு கையும் கோப்பையை விடவில்லை.

மதிலுக்கு அப்பாலிருந்து சுபைதா: "ஏன் புள்ள இப்பிடி மெலிஞ்சிற்றாய்?"

ராத்தா அழுதாள். சுபைதாவும். அஸர் தொழுகை நேரம் வரைக்கும் கதை. மாஸ்டரும் நானும் வீட்டின் முன்பக்கம் போய் நின்றோம். எனக்கும் கண் கலங்கியது, சந்தோசத்தில்.

14 ஞாயிறு

மேசன் காக்கா சீமெந்தோடு வந்தார், அடைக்க. வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. உம்மாவுக்குப் பயம்: "மருமகனுக்குக் கசற்றில பேசி அனுப்பிக் கேப்பமே."

ராத்தா வெளியே வந்தாள்.

"காக்கா, வீட்டுறுதிப் பத்திரம் ஆருட பேரில?"

"ஒங்கட பேரில, தங்கச்சி."

"அப்ப நிலம் வரைக்கும் உடைங்க."

அவர் என்னைப் பார்த்தார். அகலம் எவ்வளவு?

"ரெண்டு பேர் கதைச்சிக்கிட்டு நடக்கிற அளவு" என்றாள் ராத்தா.

நாலடி என்று குறித்தேன். கதவு வேண்டாமாம்.