உராய்வுப் பாடத்தில் நான் விழுந்த கதை

அன்பு மகள் காஞ்சனாவுக்கு,

அம்மா எழுதுவது. இடது மணிக்கட்டைத் தவிர நானும், முழங்காலைத் தவிர அப்பாவும் இங்கே சுகம். அந்த ஜெர்மனிக் குளிரில் நீயும் சுகமாக இருக்க அம்மன் துணை. கை என்றதும் பயந்துவிடாதே, சின்ன விரிசல்தான், மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். போனில் சொன்னால் நீ சிரிப்பாய், சேர்ந்து நானும் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது போய்விடும், அதனால்தான் கடிதம். அப்பா இன்னும் பீடோங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டிக்கொண்டுதான் இருக்கிறார், போதும் நிறுத்துங்கள் என்றால் வீட்டில் உட்கார்ந்து உன் வாயைக் கேட்கவா என்று என்னையே கேட்கிறார். பாடாங் மேஹாவில் இருக்கிற சித்தி மகன் சசிதரனுக்குப் பெண் அமைந்துவிட்டது, தை மாதம் கல்யாணம், லீவு கிடைக்குமா பார்.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வருஷம் எங்கள் பள்ளிக்கு சுங்கைப்பட்டாணியிலிருந்து ஷரோன் என்று ஒரு டீச்சர் வந்திருக்கிறாள். சின்னப் பெண். ஆறாம் ஆண்டில் ஒரு வகுப்புக்கு அவள் அறிவியல், இன்னொன்றுக்கு நான். விசைப் பாடத்தை அவள் புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை, பிள்ளைகளை மண்டபத்துக்குக் கூட்டிப்போய் ஆபீஸ் நாற்காலியில் ஒருவனை உட்காரவைத்து உருட்டினாள், தள்ளினால் நகரும், எதிர்ப்பக்கம் இழுத்தால் நிற்கும், இரண்டு பேர் ஏறினால் தள்ளுவது கஷ்டம் என்று காட்டி அதை வீடியோ எடுத்துப் பள்ளியின் பேஸ்புக் பக்கத்தில் போட்டாள். அதைத்தான் நீ நம் குடும்ப வாட்சாப் குரூப்பில் போட்டு, எனக்கு இப்படி ஒரு டீச்சர் கிடைத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று எழுதினாய். அப்பாகூட அதற்குக் கட்டைவிரல் போட்டார். காஞ்சனா, ஆறாம் ஆண்டில் உனக்கு அறிவியல் நடத்தியது யார்? இன்று நீ கார் பிரேக் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாய், பிரேக் என்பதே உராய்வுதான், அந்த வார்த்தையை உனக்கு முதலில் கரும்பலகையில் எழுதிக் காட்டியவள் நான். அன்று வைத்த மீன் குழம்பை நான் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு அவள் எது செய்தாலும் எனக்கு எரிந்தது. அவள் வகுப்பில் கைதட்டல் கேட்டால் என் வகுப்பு ஜன்னலைச் சாத்தினேன், பாவம், பிள்ளைகள் வெயிலில் வெந்தார்கள். உராய்வுப் பாடம் வந்ததும் நானும் மண்டபத்துக்குக் கிளம்பினேன். தலைமையாசிரியரை அழைத்தேன், ஷரோனையும் வரச் சொன்னேன், அவள் பார்க்க வேண்டும் என்றுதான். ஒரு பாதித் தரையில் ரப்பர் விரிப்பு, மறு பாதியில் சமையல் எண்ணெய். புத்தகம் நிரப்பிய ஒரே மாதிரி இரண்டு பெட்டி. விரிப்பின் மேல் மூன்று பேர் மூச்சு முட்ட இழுத்தார்கள், எண்ணெய்ப் பக்கம் ஒல்லிக்குச்சிப் பெண் ஒருத்தி ஒற்றைக் கையால் கயிற்றை இழுத்துக்கொண்டு போனாள். வகுப்பே ஆர்ப்பரித்தது. தலைமையாசிரியர் தலையாட்டினார். நான் ஷரோன் முகம் எப்படி இருக்கிறது என்று திரும்பினேன். முகத்தைப் பார்க்கும் ஆசையில் காலைப் பார்க்கவில்லை. மல்லாக்க விழுந்தேன். முன்வரிசையில் ஒரு பிள்ளை அக்கறையாகச் சொன்னது, “டீச்சர், அங்க உராய்வு இல்லலா.”

முதலில் ஓடி வந்தது ஷரோன்தான். புது பாஜு கூரோங் உடுப்போடு எண்ணெயில் மண்டிபோட்டு என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அந்த வலியிலும் நான் பார்த்தது மேசையில் நின்ற அவள் போனை, தலைமையாசிரியர் சொன்னார் என்று எல்லாவற்றையும் அது வீடியோ பிடித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் அப்பா வரும்வரை கூடவே இருந்தாள். விழுந்ததை வெட்டிவிட்டுப் போடவா என்று மெதுவாகக் கேட்டாள். “வெட்டாதம்மா, முழுசா போடு” என்றேன். நான் விழுந்ததைப் பார்த்த பிள்ளை உராய்வை மறக்காது என்று காரணம் சொன்னேன். அது உண்மை. அவள் வீடியோவை முந்த வேண்டும் என்று நினைத்ததும் உண்மை.

முந்திவிட்டேன், காஞ்சனா. நாற்காலி வீடியோ எங்கேயோ பின்னால் கிடக்கிறது. பீடோங் பசாரில் மீன்காரர் கை எப்படி டீச்சர் என்று கேட்கிறார். மறுவாரம் கண்டீனில் ஷரோன் எதிரே உட்கார்ந்து வாழ்த்தினாள், வாய் சிரித்தது, கண் சிரிக்கவில்லை. அந்த முகம் எனக்கு நன்றாகத் தெரியும், ஒரு மாதமாக அதைத்தான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நல்ல வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, என் நாசி லெமாக்கைச் சாப்பிட்டேன். ருசியாகத்தான் இருந்தது. மறுநாள்தான் மனசு கேட்கவில்லை, வேகப் பாடத்தைச் சேர்ந்து நடத்துவோமா என்று போய்க் கேட்டேன். என் கையிலிருந்த மாவுக்கட்டைப் பார்த்தாள். “சரி டீச்சர். ஆனா ஓடறது நான்தான்” என்றாள். என் பொறாமை போய்விட்டதா என்று மட்டும் கேட்காதே.

தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, ஈரத் தலையோடு வெளியே போகாதே. நல்ல உடம்போடும் நல்ல பெயரோடும் நீ நிறைவாக வாழ வேண்டும், அதுதான் எங்கள் ஆசீர்வாதம். மறக்காமல் ஒன்று செய். அந்த வீடியோவுக்குக் கீழே ஒரு வரி எழுது, உன் வேலையையும் போட்டு எழுது. இவர் என் அம்மா என்று எழுதாதே. இவர் என் டீச்சர் என்று எழுது, ஷரோன் பார்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா
யோகேஸ்வரி