முன்பக்க மடிப்பு

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

காலையில் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் அலமாரியைத் திறந்து, நீ தைத்துத் தந்த சாம்பல் நிறச் சபை அங்கிகள் எல்லாவற்றையும் கட்டில்மேல் பரப்பினேன். பரப்பிவிட்டுப் பார்த்துக்கொண்டே நின்றேன். குற்றம் சொல்ல ஒன்றும் இல்லை. நீ போட்ட தையல் எப்போது பிரிந்திருக்கிறது? ஆனால் தலையில்லாத பெண்கள் வரிசையாகப் படுத்திருப்பதுபோல இருந்தது.

நேற்று நான் வேலை செய்யும் மூக்குக்கண்ணாடிக் கடையில் நடந்ததுதான் காரணம். புதுக் கண்ணாடி மாட்டிக்கொண்ட ஒரு பெரியவர், எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்று சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில பிணத்தை எடுத்துட்டுப் போக வருவாங்களே, நீங்க அந்த ஆளாம்மா?" என்றார். கடைக்காரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் போன பிறகு என்னிடம், "கோவிச்சுக்காதீங்க. ஊர்ல இருக்கிற மூஞ்சிக்கெல்லாம் பொருத்தமா பிரேம் எடுத்துக் குடுக்கிறீங்க. நீங்க மட்டும் ஏன் மழை மேகத்தைப் போத்திக்கிட்டு வர்றீங்க?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் இறந்த பிறகு நான் வேலைக்காக வந்த இந்த ஊரில் நம் சபை இல்லை. இங்கே நான் போகும் ஆலயத்தில் அவரவர் விருப்பம்போல உடுத்துகிறார்கள். ஒருவரும் என்னை ஒன்றும் சொன்னதில்லை. ஆனாலும் இந்த வயதில் எனக்கு என்ன பிடிக்கும் என்றுகூட எனக்குத் தெரியவில்லையே என்பது நெஞ்சை அரிக்கிறது.

நான் பின்வாங்கிப் போகவில்லை அக்கா. மினுக்கிக்கொண்டு திரியவும் ஆசையில்லை. அடக்கமும் வேண்டும், பார்த்தால் பெண் என்றும் தெரிய வேண்டும். அவ்வளவுதான். நம் சபையில் தோளிலிருந்து கணுக்கால்வரை ஒரே அளவுதான் எடுப்போம். உடம்பைச் சுற்றி டேப் போடுவது பாவம்போல. உன் கைக்குத் தெரியாத வேலை கிடையாது. எனக்காக ஒன்றே ஒன்று, இடுப்பில் கொஞ்சம் பிடித்து, வேறு நிறத்தில் வெட்டித் தருவாயா?

உன் தங்கை,
பொடிசு

•

ஜூன் 14

கர்த்தருக்குள் பிரியமான தங்கைக்கு,

இடுப்புப் பிடிக்க வேண்டுமாம், இடுப்பு! நாற்பத்து மூன்று வயதில் உனக்கு இடுப்பு எங்கே இருக்கிறது என்று தேடிப் பிடிப்பதற்குள் எனக்குக் கண் பூத்துவிடும்.

சிரித்து முடித்துவிட்டேன். இனி நிஜமாகச் சொல்கிறேன். வீட்டுக்கு வரும் கடிதத்தை முதலில் பிரிப்பது அத்தான்தான் என்று உனக்குத் தெரியாதா? வாசித்துவிட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். சாப்பிடும்போது, "உன் தங்கச்சிகிட்ட சொல்லு. உடம்பை மறந்தாத்தான் ஆத்துமா ஞாபகம் வரும்" என்றார். மூப்பராக இருந்துகொண்டு, தன் மைத்துனியே இப்படி எழுதினால் அவர் சபைக்கு என்ன பதில் சொல்வார்? ஒருத்தியின் உடை இன்னொருத்தி கண்ணை உறுத்தக்கூடாது என்றுதானே ஒரே பேப்பர் கட்டிங் வைத்து எல்லாருக்கும் வெட்டுகிறோம்? ஏழை, பணக்காரி, அழகி, அவலட்சணம் எல்லாம் அதற்குள் ஒன்றுதான். எனக்கு அதில் ஒரு நிம்மதி உண்டு. உனக்கும் இருந்ததே.

உனக்கு வழக்கமானதே இரண்டு தைத்து அனுப்புகிறேன். கொஞ்சம் தாமதமாகும். இடது கை வீங்கிக் கனக்கிறது. மெஷினில் உட்கார்ந்து உட்கார்ந்து வந்த வலி. வெட்டுகிற வேலையை நம் சபை டீக்கன் மனைவியிடம் விட்டிருக்கிறேன். அவள் கத்தரிக்கோலைப் பிடிப்பதைப் பார்த்தால் துணிக்கே அழுகை வரும்.

வேளைக்குச் சாப்பிடு. ஜெபத்தை விடாதே.

அக்கா

•

ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

அத்தானுக்கும் என் ஸ்தோத்திரம். அவரும் வாசிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

முதலில் அவமானக் கதை. பூப்போட்ட கவுன் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கிவந்து வீட்டில் போட்டுப் பார்த்தேன். ஜன்னலுக்குப் போட்ட திரை எழுந்து நடப்பதுபோல இருந்தது. அடுத்தது கறுப்பு. கடைப்பெண் "உங்களுக்குச் சூப்பரா இருக்கு மேடம்" என்றாள். அதைப் போட்டுக்கொண்டு மூச்சு விட முடியவில்லை; மூச்சு விடாமல் சூப்பராக இருந்து என்ன செய்வது? இரண்டையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு கடைத்தெருவில் தையல் வைத்திருக்கும் ஒரு பெண்ணிடம் போனேன். அவள் டேப்பை என் நெஞ்சைச் சுற்றிப் போட்டதும் நான் இரண்டு கையையும் விலாவோடு ஒட்டிக்கொண்டேன். "கையைத் தூக்குங்கக்கா. நான் என்ன ஊசியா போடப் போறேன்?" என்றாள். எண்ணைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. எத்தனை முகங்களுக்கு நான் அளவு எடுத்திருக்கிறேன், இரண்டு கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்றுகூட. என்னை ஒருவர் அளப்பது இதுதான் முதல் தடவை.

நிறம் பாசிப்பச்சை. கழுத்துவரை பொத்தான், சின்னக் காலர், முழங்கையைத் தாண்டிய கை, கணுக்கால்வரை நீளம். இடுப்பில் மட்டும், துணியைப் பிடித்துத் தைத்த இரண்டு டார்ட். ஞாயிற்றுக்கிழமை போட்டுக்கொண்டு ஆலயத்துக்குப் போனேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை அக்கா. சாம்பல் அங்கியில்தான் எல்லாரும் பார்ப்பார்கள். பாட்டுப் பாடும்போது உடையின் நினைவே வரவில்லை. அத்தான் சொன்னாரே, உடம்பை மறக்க வேண்டும் என்று. பொருத்தமானதை உடுத்திய அன்றுதான் எனக்கு அது மறந்தது. இதை வாதத்துக்குச் சொல்லவில்லை. நடந்தது அதுதான்.

இன்னொன்று. மெஷின் சக்கரத்தை நீ சுற்றுவது வலது கையால். வீங்கியிருப்பது இடது கை என்று எழுதியிருக்கிறாய். இது மெஷின் வலி இல்லை. டாக்டரிடம் காட்டு. தள்ளிப் போடாதே. பதிலில் முதல் வரியாக இதைத்தான் எழுத வேண்டும்.

பொடிசு

•

ஆகஸ்ட் 9

பொடிசு,

இது உன் கடை விலாசத்துக்கு வருவதைப் பார்த்துத் திகைக்காதே. நூல் கடைக்காரியின் கல்லாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். பதிலை இவள் விலாசத்துக்குப் போடு. வீட்டுக்குப் போடாதே.

நீ சொன்னது சரிதான், கை வீங்கியது மெஷினால் இல்லை. இடது மார்பில் ஒரு கட்டி. போன வருஷமே தட்டுப்பட்டது. முதலில் பட்டாணி அளவு. இப்போது அப்படி இல்லை.

அத்தானைக் குறை சொல்லாதே. அவரிடம் சொன்னேன், அழுதார், உபவாசம் இருந்தார். இங்கே ஆஸ்பத்திரியில் இருப்பது ஆண் டாக்டர். "அவர்கிட்ட காட்டுறியா?" என்று அத்தானே கேட்டார். மாட்டேன் என்று சொன்னது நான். கட்டிய புருஷனே வெளிச்சத்தில் பார்க்காத உடம்பை அந்த மனுஷனிடம் எப்படித் திறப்பேன்? "சரி, கர்த்தர் பாத்துப்பார்" என்றார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததையும் பார்த்தேன். அதையும் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

இன்னும் கேள். கட்டி பெரிதானபோது அங்கிக்கு மேலே தெரிய ஆரம்பித்தது. அதனால் முன்பக்கம் தோளிலிருந்து ஒரு மடிப்பு வைத்துத் தைத்துக்கொண்டேன். அடுத்த ஞாயிறே டீக்கன் மனைவி, "இது நல்லா இருக்கே, ஒண்ணுமே தெரியலையே" என்றாள். பிறகு இன்னொருத்தி கேட்டாள். அத்தான் பிரசங்கத்தில், நம் சகோதரிகள் அடக்கத்தில் இன்னும் ஒரு படி ஏறியிருக்கிறார்கள் என்றார். இப்போது பேப்பர் கட்டிங்கையே மாற்றிவிட்டோம். சபையில் சின்னப் பெண்கள்வரை எல்லாருக்கும் முன்பக்க மடிப்பு. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து அத்தனை மடிப்பையும் பார்க்கிறேன். எல்லாருக்கும் என் கட்டி வந்துவிட்டதுபோல இருக்கிறது.

இதை யாரிடமும் சொல்லாதே. நான் செத்தாலும் சொல்லாதே. மூப்பர் மனைவியின் உடம்பைப் பற்றி ஊர் பேசக்கூடாது. சத்தியமாகக் கேட்கிறேன்.

அக்கா

•

ஆகஸ்ட் 13

என் அக்காவுக்கு,

சொல்லமாட்டேன். சத்தியம். அதற்குப் பதிலாக நான் சொல்வதை நீ கேள்.

இங்கே பெரிய ஆஸ்பத்திரியில் பெண் டாக்டர் இருக்கிறார். கண்ணாடி வாங்க நம் கடைக்குத்தான் வருவார். நேற்று அவர் வீட்டுக்கே போய்ப் பேசினேன். உன் பெயர் சொல்லவில்லை. "வயசு என்ன, கட்டி எவ்வளவு நாளா இருக்கு?" என்று கேட்டார். சொன்னதும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "இன்னும் ஏன் உக்காந்திருக்கீங்க? கூட்டிட்டு வாங்க" என்றார். பரிசோதனை அறையில் இருப்பவர்களும் பெண்கள்தான். தேவையான இடத்தை மட்டும் விலக்கிப் பார்ப்பார்கள். நான் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பேன்.

சபை உடையிலேயே வா. முக்காட்டோடு வா. எப்படி வந்தாலும் வா. அத்தானிடம், தங்கைக்கு உடம்பு சரியில்லை, சமைத்துப் போட ஆளில்லை என்று சொல். அந்தப் பொய் என் கணக்கில் இருக்கட்டும்.

பஸ் நிலையத்தில் காத்திருப்பேன். எந்த நாள் என்று மட்டும் எழுது.

பொடிசு

•

செப்டம்பர் 1

பொடிசு,

நீ வெட்டும் குழியில் நான் விழமாட்டேன் என்று எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. வருகிறேன்.

ஆனால் இப்போது இல்லை. அடுத்த மாதம் சபைக் கூடுகை. வெளியூர்ச் சகோதரிகளுக்கும் புது அங்கி வேண்டுமாம், மடிப்பு வைத்தது. துணி வந்து குவிந்து கிடக்கிறது. இதை அரைகுறையாகப் போட்டுவிட்டு வந்தால் ஏன், எதற்கு என்று நூறு கேள்வி வரும். கூடுகை முடிந்த மறுநாள் பஸ் ஏறுகிறேன். இவ்வளவு நாள் பொறுத்தது இன்னும் கொஞ்சம் பொறுக்கும்.

உன் பச்சை உடையைப் பற்றி எழுதினாயே, அந்த டார்ட் எங்கே முடிகிறது? மார்புக்கு ஒரு விரல் கீழேயா, இரண்டு விரலா? ஒரு விரல் என்றால் தூக்கும். இரண்டு விரல் விட்டால்தான் உட்காரும். அந்தப் பெண்ணுக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லி வை. காலர் ஓரத்தில் அதே நிறத்தில் மெல்லிய பைப்பிங் வைத்தால் உன் கழுத்துக்கு எடுப்பாக இருக்கும். உன் கழுத்து நீளம். சின்ன வயதிலிருந்தே எனக்கு அதில் கொஞ்சம் பொறாமை.

சிரிக்காதே, உனக்கு மட்டும் ஒன்று சொல்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து என் உள்பாவாடை ஓரத்தில் சிவப்பு நூலில் ஒரு சின்னப் பூக்கொடி போடுவேன். துவைத்து உள்ளேதான் காயப்போடுவேன். யாருக்கும் தெரியாது. அது இல்லாமல் இருந்தால் நான் என்ன ஆகியிருப்பேனோ.

அக்கா

•

அக்டோபர் 19

அக்கா,

உன் தையல் அறையில், உன் மெஷினை மூடிய பலகைமேல் காகிதத்தை வைத்து எழுதுகிறேன். இதை எந்த விலாசத்துக்கும் போட முடியாது. உனக்கு எழுதித்தான் எனக்குப் பழக்கம்.

கூடுகைக்கு முந்தின நாள் நீ மெஷின்மேலேயே சாய்ந்தாய் என்றார்கள். எனக்குச் சொன்னது உன் மூச்சு நின்ற பிறகுதான். வாசலில் அத்தான் என்னைப் பார்த்தார். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. அந்த முகத்தோடேயே, "சபை உடை இல்லாம அவ பக்கத்துல வரக்கூடாதும்மா. தப்பா எடுத்துக்காதே" என்றார். உன் அங்கி ஒன்றைக் கொடுத்தார்கள். மடிப்பு வைத்தது. மாட்டிக்கொண்டேன். உன்னிடம் வர அதுதான் வழி என்றால் சாக்கைக்கூட மாட்டிக்கொண்டிருப்பேன்.

உன்னைக் குளிப்பாட்டும்போதும் போர்வைக்கு அடியில்தான் கையை விட்டார்கள். எல்லாரும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இடது பக்கம் என் பங்குக்கு வந்தது. நான் தொட்டேன் அக்கா. கல். தோல் வெடித்து, அதன்மேல் துணிப் பட்டை ஒட்டிப்போயிருந்தது. இதை வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்து தைத்தாய்? வெந்நீர் விட்டுப் பட்டையை நனைத்து, நனைத்து எடுத்தேன். எனக்கு எதிரே நின்றவள், "ரொம்ப நேரமாகுது" என்று மட்டும் சொன்னாள்.

அடக்க ஆராதனையில் அத்தான், "பேசாம வாழ்ந்தா. பேசாமலே நமக்கு ஒரு அடையாளத்தைத் தந்துட்டுப் போனா" என்று சொல்லித் தன் நெஞ்சில் கையை வைத்துக் காட்டினார். பெண்கள் எல்லாரும் குனிந்து தங்கள் முன்பக்கத்தைப் பார்த்துக்கொண்டார்கள். நானும்தான்.

நேற்று மாலை சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். டீக்கன் மனைவி தட்டுகளை ஒற்றைக் கையால் கொண்டுவந்து வைத்தாள்.

"உங்கக்காவுக்குக் கை வீங்கியிருந்துச்சே, அது எதனாலன்னு தெரியுமா?"

"ஏன் கேக்குறீங்க?"

"சும்மாதான். எனக்கும் இப்ப வெட்டுற வேலை அதிகம்ல. அதான்."

"எந்தக் கை?"

அவள் மடிப்பை இழுத்து நேராக்கிக்கொண்டாள்.

"மெஷின் வலின்னுதான் சொன்னா" என்றேன். உனக்குக் கொடுத்த சத்தியத்துக்காகச் சொன்னேன். அவள் "அப்படித்தான் இருக்கும்" என்று சிரித்துவிட்டுப் போனாள். அவளுக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது.

நாளைக் காலைப் பஸ்ஸுக்கு அத்தான் எனக்குச் சீட்டு வாங்கி வைத்திருக்கிறார். நான் அதில் ஏறப்போவதில்லை. பொழுது விடிந்ததும் முதலில் டீக்கன் வீட்டுக்குப் போய் அவளிடம் உள்ளதைச் சொல்வேன். பிறகு வெள்ளிக்கிழமைப் பெண்கள் கூட்டத்தில் எழுந்து நின்று, இந்த மடிப்பு எதற்காக வைக்கப்பட்டது என்று சொல்லப்போகிறேன். மார்பு என்ற வார்த்தையைச் சொல்லியே சொல்வேன். அத்தான் அதன் பிறகு என்னை இந்தப் படி ஏறவிடமாட்டார். உன்னைப் புதைத்த இடமும் சபை வேலிக்குள்தான் இருக்கிறது. அதையும் யோசித்துவிட்டேன்.

என்ன உடுத்திக்கொண்டு போவது என்று மட்டும் யோசிக்கவில்லை. யாரிடமும் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை.

உன் தங்கை