போனக்காட்டுக்கு ஒதுக்கிய பணம்

2024 அக்டோபர் 3, வியாழன்

சம்பளம் வந்தது. வந்தது என்று எழுதுவதே கொஞ்சம் மிகைதான். என் சிநேகிதி ஜிஜி எடுத்த சிட்டிச் சீட்டுக்கு ஆபீஸிலேயே பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு பிடித்துக்கொண்டார்கள். பிறகு அம்மா இருந்தபோது வாங்கின ஆஸ்பத்திரிக் கடன், கரமனை வீட்டு வாடகை, மளிகை, பஸ். கடைசியில் 'சந்தோஷம்' என்று ஒரு வரி, அதற்கு அறுநூறு ரூபாய். அந்த வரியை மட்டும் அடிப்பதில்லை. போன வருஷம் அடித்துப் பார்த்தேன். பார்க்கிறவர்கள்மேல் எல்லாம் எரிந்து விழுந்ததுதான் மிச்சம்.

அறுநூறில் பாதி இந்த மாதத்துக்கு. மறு பாதி ஹார்லிக்ஸ் பாட்டிலுக்கு. பாட்டிலில் 'போனக்காடு' என்று பேப்பர் ஒட்டியிருக்கிறேன். சிட்டிக் கடன் தீர்ந்ததும், சொந்தமாக ஒரு பைனாகுலர் வாங்கி, வித்துராவில் பஸ் மாறி, போனக்காடு மலைக்குப் போக வேண்டும். அதுவரை அந்தப் பக்கம் தலைவைத்துப் படுப்பதில்லை. எனக்கு நானே போட்ட சட்டம்.

2024 அக்டோபர் 12, இரண்டாம் சனி

ஆபீஸ் லீவு. புஞ்சக்கரி வயலுக்குப் போனேன். தூரத்தில் வெள்ளையாக ஒன்று நின்றது. கொக்கா, நாரையா? பைனாகுலர் இல்லாமல் பறவை பார்ப்பது, மதிலுக்கு வெளியே நின்று கல்யாணம் பார்க்கிற மாதிரி.

திருவனந்தபுரம் ஹாஸ்டலில் ஜிஜியும் நானும் பதினொரு வருஷம் ஒரே அறை. நான் சர்க்கார் ஆபீஸில் கிளார்க், அவள் பேக்கரியில் கேக் போடுகிறவள். ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பைனாகுலர் வாங்கினோம். இரண்டாம் சனி என்றால் போனக்காடு. ஒருத்தி பார்ப்பாள், பார்த்ததை மற்றவளுக்குச் சொல்லுவாள். ஒருமுறை தீக்காக்கை என்ற அபூர்வமான காட்டுப் பறவையைப் பார்த்துவிட்டாள். "தலை கறுப்பு, கழுத்துல வெள்ளைக் கோடு, வயிறு நல்ல செவப்பு, இந்தா பிடி பிடி!" கண்ணாடி என் கைக்கு வந்தபோது வெறும் கிளைதான் இருந்தது. இன்றுவரை நான் பார்த்ததில்லை.

பிறகு அவள் தனியாகக் கேக் யூனிட் தொடங்கினாள். சிட்டி பிடித்தாள். பணத்தைக் கையில் கொடுக்க ஜாமீன் கேட்டார்கள். இந்த ஊரில் சர்க்கார் வேலை பார்க்கிறவளிடம் சாலரி சர்டிபிகேட் கேட்டு வராத ஆள் உண்டா? அவள் கேட்கக்கூட இல்லை, நானே கொடுத்தேன். யூனிட் ஒன்றரை வருஷத்தில் மூடிப்போயிற்று, சிட்டித் தவணை என் சம்பளத்தில் விழுந்தது. ஒருநாள் அவள் போனும் அணைந்துபோயிற்று. பாறசாலைக்குப் போய் அவள் அண்ணனைப் பார்த்தேன். எங்கே போனாள் என்று அவனுக்கும் தெரியவில்லை.

பைனாகுலரையும் கொண்டுபோய்விட்டாள். பணம் போகட்டும். அதில் பாதி என்னுடையது!

2024 அக்டோபர் 20, ஞாயிறு

நாகர்கோவிலில் இருந்து சூடாமணி அக்கா போன். "ஏட்டி நாச்சி, ஒனக்கு வெக்கமா இல்லியா? கடன் வாங்கினவ எங்கயோ சொகமா இருக்கா. நீ இங்க ஒரு போளி வாங்கித் திங்க கணக்குப் பாத்துட்டுக் கெடக்க. அவ ஆருட்டி ஒனக்கு?"

ஒரு வார்த்தையில் சொல்ல முடிந்தால் சொல்லியிருக்க மாட்டேனா?

2024 நவம்பர் 9, இரண்டாம் சனி

மழை. எங்கும் போகவில்லை. முழுப் பணமும் பாட்டிலுக்கு.

2024 டிசம்பர் 2, திங்கள்

ஆபீஸ் விட்டு வருகிற வழியில் சாலைக் கடையில் போளியும் பால்பாயசமும். கடைக்காரர் வழக்கப்படி இரண்டு இலை போட்டார். ஒன்று போதும் என்றேன். "மத்த சேச்சி வரலியா?" என்று கேட்டார். ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். ஜிஜி போளியைப் பிய்த்துப் பாயசத்தில் ஊறப்போட்டு, நான் முடிக்கும்வரை காத்திருந்து, என்னைப் பார்க்கவைத்துச் சாப்பிடுவாள். இன்று நானும் ஊறவைத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பாதிக்குமேல் இறங்கவில்லை.

2025 ஜனவரி 11, இரண்டாம் சனி

இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. விடியற்காலையிலேயே எழுந்து, தொப்பியும் பச்சைப் பையும் எடுத்துக்கொண்டு தம்பானூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டேன். வித்துரா பஸ் புறப்பட நின்றது. ஒரு காலைப் படியில் வைத்துவிட்டேன். அப்போதுதான் மாசக் கணக்கு ஞாபகம் வந்தது. கடன் தீரவில்லை, பைனாகுலர் வாங்கவில்லை, எல்லாவற்றுக்கும் மேலே சட்டம் வேறு. ஏறுகிறீர்களா இல்லையா என்று கண்டக்டர் கத்தினார். இறங்கிவிட்டேன்.

வீட்டுக்கு வந்து உப்புமா கிண்டினேன். கெட்டிக்காரி, மனசை அடக்கிவிட்டாய் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். உப்புமாவில் உப்பு இல்லை.

2025 மார்ச் 18, செவ்வாய்

பக்கத்து சீட் ஹரிகுமார் நல்லவன்தான், உதவி செய்கிறேன் என்று உயிரை எடுப்பான். இன்று ஜிஜிமேல் ஒரு புகாரை டைப் செய்தே கொண்டுவந்துவிட்டான். "சேச்சி ஒரு பராதி கொடுத்தா போதும். பாறசாலை வீட்டுல அவங்களுக்கும் பங்கு உண்டல்லோ. அதைப் பிடிச்சுரலாம். இங்க ஒரு கையெழுத்து, அவ்வளவே உள்ளு."

வீட்டுக்குக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்திருக்கிறேன். போட்டா என்ன? போடணும்தான். எந்தலையில கட்டிட்டுப் போனவதானே! ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாம்லா? 'நாச்சி, என்னால முடியலட்டி'ன்னு ஒரே ஒரு வார்த்தை. நான் என்ன அடிச்சா கொன்னிருப்பேன்? சேர்ந்து கட்டியிருப்போமே. பதினொரு வருஷம் பக்கத்துக் கட்டில்ல கெடந்தவளுக்கு என்னையத் தெரியலியே—

இல்லை. கையெழுத்துப் போட்டால் பணம் வரும். அவள் வரமாட்டாள். எனக்கு வேண்டியது எது என்று எனக்குத் தெரியும்.

2025 மார்ச் 19, புதன்

தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஹரிகுமார் ஒரு பெருமூச்சு விட்டு, பின்பக்கத்தில் ஏதோ கணக்குப் போட ஆரம்பித்தான்.

2025 ஜூன் 22, ஞாயிறு

பூஜப்புரையில் ஒரு ரிட்டயரான பேங்க்காரரிடம் இருந்து பழைய பைனாகுலர் வாங்கிவிட்டேன். பாட்டில் முக்கால்வாசி காலி, பஸ்ஸுக்கு மட்டும் மீதி. மொட்டைமாடியில் நின்று தென்னையில் இருந்த காக்கையைப் பார்த்தேன். கழுத்துச் சாம்பல் நிறத்தில் ஒவ்வொரு இறகும் தனித்தனியாகத் தெரிகிறது. யாரிடம் சொல்ல?

2025 ஆகஸ்ட் 1, வெள்ளி

சிட்டிப் பிடித்தம் இல்லை. முடிந்தது. செக்ஷனில் எல்லோருக்கும் பழம்பொரி வாங்கிக் கொடுத்தேன். துள்ளிக் குதிப்பேன் என்று நினைத்திருந்தேன். என் சம்பளக் கணக்கிலாவது அவள் பெயர் இருந்துகொண்டிருந்தது. இனி அதுவும் இல்லை.

2025 ஆகஸ்ட் 9, இரண்டாம் சனி

நிதானமாக எழுதப் பார்க்கிறேன்.

வித்துராவில் இறங்கியபோது போனக்காடு பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. எதிரே ஒரு பேக்கரி, நாங்கள் போன காலத்தில் இல்லாதது. சாயா சொன்னேன். கல்லாவில் இருந்த அம்மா என் தொப்பியைப் பார்த்தார், பையைப் பார்த்தார். "நாச்சியாருதானே?" என்றார். சாயாவைக் கீழே வைத்துவிட்டு, எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

அவர் பெயர் லீலாபாய். களியக்காவிளைக்காரர். ஜிஜி அந்தப் பேக்கரியில்தான் வேலை பார்த்திருக்கிறாள். போன ஓணம் கழிந்து வந்தவள்.

"மாசத்துல ஒரு சனியாழ்ச்ச மட்டும் அடுப்புப் பக்கமே போமாட்டா. திருவனந்தபுரம் பஸ் வந்தா வாசல்ல போயி நிப்பா, எறங்குத ஆளையெல்லாம் பாப்பா. போனக்காடு பஸ் போனப்பொறவுதான் உள்ள வருவா. ஆரைப் பாக்கேன்னு கேட்டேன். பச்சைப் பையும் தொப்பியுமா ஒருத்தி வருவா அக்கா, நானா போயி அவ மொகத்துல முழிக்கமுடியாது, அவளா என்னையக் கண்டா திட்டட்டும்னு சொன்னா."

"இப்ப எங்கே?"

"போன மாசம் ஓமானுக்குப் போயாச்சு. சலாலால ஒரு வீட்டுல சமையல் வேலை. கடன் ஒண்ணு இருக்கு, இங்க நின்னா தீராதுன்னா." அவர் கல்லாவுக்கு அடியில் இருந்து ஒரு துணிப்பையை எடுத்தார். "நீங்க வந்தா தரச்சொன்னா."

பைனாகுலர். வாரில் இன்னும் வெனிலா வாசனை.

பத்து மாதம் நான் வராமல் இருந்தேன். எதற்கு? சிக்கனத்துக்கு. சட்டத்துக்கு. ஜனவரியில் நான் படியில் கால் வைத்து இறங்கின அந்த பஸ்ஸுக்கும் அவள் வாசலில் வந்து நின்றிருப்பாள். அன்று நான் மிச்சம் பிடித்தது ஒரு பஸ் டிக்கெட். ஐயோ, என்ன புத்தி இது!

லீலாபாய் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். போனக்காடு பஸ் போய்விட்டது. நான் எழுந்திருக்கவில்லை.

2025 ஆகஸ்ட் 10, ஞாயிறு

லீலாபாய் கொடுத்த நம்பரில் கூப்பிட்டேன். "நாச்சி" என்றாள். பிறகு வெகுநேரம் இரண்டு பேரும் மூக்கை உறிஞ்சினோம். திட்டுவதற்கு வருஷக்கணக்காகச் சேர்த்துவைத்திருந்ததில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"கண்ணாடி கிட்டிச்சா?"

"ம்."

"தீக்காக்கையைக் கண்டியா?"

"பஸ்ஸை விட்டுட்டேன்."

"நீ ஏம்ட்டி வரல்ல? சனியாழ்ச்சயெல்லாம் வாசல்ல நின்னேனே."

காசு மிச்சம் பிடித்தேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? மழை என்று சொன்னேன்.

2025 அக்டோபர் 3, வெள்ளி

ஜிஜி பத்தாயிரம் அனுப்பியிருக்கிறாள். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன், கேட்கவில்லை. கூடவே போனில் பேசிப் பதிந்து அனுப்பியது: "ஒண்ணாம் தவணை. மாசாமாசம் வரும். வாங்கல்லேன்னா நான் பேசமாட்டேன்."

மாசம் பத்தாயிரம் என்றால் நான் கட்டிய மூன்று லட்சமும் இரண்டரை வருஷத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு? போன தடவை ஒரு கடன் தீர்ந்தபோது எனக்கு எப்படி இருந்தது என்று ஆகஸ்ட் ஒன்றாம் தேதியில் எழுதியிருக்கிறேன்.

பதில் அனுப்பினேன். "ரெண்டாயிரம் அனுப்பினா போதும். மீதியை நாளைக்குன்னு சேர்த்து வை. ஆனா அதுல ஐநூறு உன் சந்தோஷத்துக்குன்னு கட்டாயம் செலவு பண்ணணும். என்ன பண்ணினேன்னு எனக்குச் சொல்லணும். இல்லேன்னா நானும் வாங்கமாட்டேன்."

2025 டிசம்பர் 13, இரண்டாம் சனி

ஜிஜியின் பணமும் பேச்சும் இந்த மாதம் கொஞ்சம் தாமதமாக வந்தன. ஐந்நூறுக்கு டாக்ஸியில் கடற்கரைக்குப் போனாளாம். "நாச்சி, அங்க ஒரு பறவை கண்டேன். ஒடம்பு முழுக்கக் கறுப்பு. பறந்தப்ப மட்டும் செறகுல ஆரஞ்சு நெறம். விசிலடிக்கமாதிரி கூப்பிடுது. கண்ணாடி இல்லாம இவ்வளவுதான் தெரிஞ்சுது. பேரு என்னன்னு பாத்துச் சொல்லு."

இத்தனை வருஷமும் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பார்த்தோம். இப்போது எங்களிடம் இரண்டு இருக்கிறது. லீலாபாயின் மருமகன் லீவு முடிந்து அடுத்த வாரம் ஓமானுக்குத் திரும்புகிறான். பூஜப்புரையில் வாங்கியதை அவனிடம் கொடுத்தனுப்புகிறேன். வெனிலா வாசனை எனக்கு.

ஹார்லிக்ஸ் பாட்டிலில் இன்று பணம் போட்டேன். போனக்காட்டுக்கு நான் இன்னும் போகவில்லை. அவளுக்கு லீவு கிடைக்கும்போது இரண்டு டிக்கெட்டாக எடுக்கலாம்.

பிறகு உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மாசம் இரண்டாயிரம் வீதம் வந்தால், நான் ரிட்டயரான பிறகும் இரண்டு வருஷம் வந்துகொண்டிருக்கும்.